மைனஸ் முப்பதுல கோழி வளர்க்கலாமா? கூடு காய்ஞ்சு இருந்தா தாராளமா வளர்க்கலாம்

எனக்கு சொந்த ஊரு நாமக்கல் பக்கம். அங்க கோழிக்குப் பயம்னா மே மாச வெயில்தான். ஷெட் கூரை மேல தென்னங்கீத்து போட்டு தண்ணி தெளிச்சு, பக்கவாட்டுல சாக்கை நனைச்சுக் கட்டி, என்ன பண்ணாலும் மத்தியானம் ரெண்டு மணிக்கு கோழி றெக்கையை விரிச்சு வாயைப் பொளந்துகிட்டு மூச்சு வாங்கும். இப்ப நான் இருக்கறது கனடாவுல, ஆல்பர்ட்டா மாகாணம், எட்மன்டனுக்கு மேற்கால ஸ்டோனி பிளெயின் பக்கத்துல ஒரு சின்ன அக்ரேஜ், அதாவது ஊருக்கு வெளிய கொஞ்சம் நிலத்தோட ஒரு வீடு. இங்க ஜனவரியில மைனஸ் முப்பது ரொம்ப சாதாரணம், சில வருஷம் மைனஸ் நாப்பதையும் தொட்டுட்டு வரும். இந்த ஊர்ல ஆறு குளிர்காலம் கோழி வச்சுப் பார்த்தாச்சு, புதுசா ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் போன்ல கேட்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்தேன்.

முதல் வருஷம் அம்மா போன்ல கேட்டாங்க, "ஏங்கண்ணு, அந்தப் பனியில கோழி வெறச்சுப் போயிராதா? ராத்திரிக்கு வீட்டுக்குள்ள தூக்கியாந்து பஞ்சாரத்துல கவுத்துரு"ன்னு. எல்லாருக்கும் முதல்ல தோணறது இதுதான், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஆனா கோழியோட உடம்புச் சூடு 41 டிகிரி செல்சியஸ் வாக்குல இருக்கும், நமக்கு அந்தச் சூடு வந்தா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். அதுக்கு மேல தூவி, அதுக்குள்ள பூந்தூவி, நடுவுல அடைஞ்சு கிடக்கற காத்து, எல்லாம் சேர்ந்து நாம போடற டவுன் ஜாக்கெட்டை விட நல்ல போர்வை. காய்ஞ்ச கோழி, வயிறு நிறைஞ்ச கோழி, காத்து நேரா படாத எடத்துல உட்கார்ந்த கோழி, மைனஸ் முப்பதைத் தாங்கிடும். நனைஞ்ச கோழி மைனஸ் அஞ்சுலயே கஷ்டப்படும். கீழ எழுதப் போற அத்தனையும் இந்த ஒரு விஷயத்துக்குத்தான், கோழியை எப்படி ஈரம் படாம வச்சுக்கறது.

முதல்ல சட்டம்

இதை சுருக்கமா முடிச்சிடறேன். எட்மன்டன் சிட்டிக்குள்ள லைசன்ஸ் வாங்கி பெட்டைக் கோழி வச்சுக்கலாம், சேவல் கூடாது. கால்கரியில 2022ல இருந்து லைசன்ஸ் குடுக்கறாங்க. நம்ம ஆளுங்க அதிகமா இருக்கற டொரொண்டோவுல 2018ல சில வார்டுல மட்டும் சோதனையா விட்டுப் பார்த்தாங்க, அது நிரந்தரமாகல, அதனால அங்க வாங்கி வச்சுட்டு அப்புறம் மாட்டிக்காதீங்க, உங்க முனிசிபாலிட்டியில கேட்டுட்டு இறங்குங்க. ஆல்பர்ட்டாவுல ஒரே ஒரு கோழி வச்சிருந்தாலும் பிரிமைசஸ் ஐடி நம்பர் (கோழி இருக்கற எடத்துக்கான பதிவு எண்) எடுத்தாகணும், பறவைக் காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்தா எங்க எங்க கோழி இருக்குன்னு தெரியறதுக்கு. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க, அரை டஜன் முட்டையோட போய் சொன்னா இன்னும் நல்லது.

எந்தக் கோழி, எப்ப வாங்கணும்

குளிர் ஊருக்குக் கோழி எடுக்கும்போது நான் முதல்ல பாக்கறது கொண்டையைத்தான். பெரிய செங்குத்துக் கொண்டை, தொங்குற தாடி இருக்கற கோழி (வெள்ளை லெகார்ன் மாதிரி, நாமக்கல் பண்ணைக் கோழியெல்லாம் பெரும்பாலும் அந்த வம்சம்தான்) முட்டையை அள்ளிக் குடுக்கும், ஆனா உறைபனியில முதல்ல அடி வாங்கறது அந்தக் கொண்டை நுனிதான். இதுக்குன்னே உருவாக்குன ஜாதி ஒண்ணு இருக்கு, சான்டக்ளேர். க்யூபெக்ல ஓக்கா மடத்துல இருந்த வில்ஃப்ரிட் ஷாட்லேன்ங்கற துறவி, கனடாக் குளிருக்குத் தகுந்த கோழின்னு ஒண்ணு சொந்தமா இல்லையேன்னு 1900களோட ஆரம்பத்துல இருந்து பல ஜாதியைக் கலந்து கலந்து எடுத்தது, 1921ல அமெரிக்கன் பவுல்ட்ரி அசோசியேஷன் அங்கீகாரம் குடுத்துச்சு. கொண்டை தலையோட ஒட்டி சின்ன பட்டன் மாதிரி இருக்கும், தாடி இருக்கா இல்லையான்னே தெரியாது. உறைய எதுவுமே இல்ல பாருங்க, அதுதான் அதோட சூட்சுமம். எங்ககிட்ட இருக்கற ஒம்போதுல நாலு சான்டக்ளேர். கிடைக்கறது கொஞ்சம் கஷ்டம், முன்னாடியே சொல்லி வைக்கணும்.

அது கிடைக்கலன்னா வயண்டாட் எடுங்க, கொண்டை தட்டையா தலையில படிஞ்சிருக்கும். பிரம்மாவும் சின்னக் கொண்டைதான், ஆனா காலெல்லாம் றெக்கை இருக்கறதால பனி உருகி சேறாகும்போது அதுல ஒட்டி உருண்டை உருண்டையா உறைஞ்சு தொங்கும், அதை வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு எடுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும். ஆர்பிங்டன், பிளைமவுத் ராக் ரெண்டும் கனமான உடம்பு, தாங்கும், கொண்டையில மட்டும் ஒரு கண்ணு வைக்கணும்.

குஞ்சை ஏப்ரல், மே மாசத்துல எடுங்க. அப்பத்தான் அக்டோபர்ல முதல் பனி விழறதுக்குள்ள முழு றெக்கை முளைச்சு, குளிர் கொஞ்சம் கொஞ்சமா ஏற ஏற உடம்பு பழகிக்கும். ஆகஸ்ட் கடைசியில ஆசைப்பட்டு குஞ்சு வாங்கிட்டு நவம்பர்ல முழிக்கறவங்களை வருஷா வருஷம் பாக்கறேன். அதே மாதிரி குளிர் அதிகம்னு ஒரு நாள் வீட்டுக்குள்ள, மறுநாள் வெளியன்னு மாத்தி மாத்தி தூக்கிட்டுப் போறது கோழிக்கு நாம பண்ற கெடுதல், உடம்பு எதுக்குமே பழகாது.

கூடு: காத்து வரணும், காத்து அடிக்கக் கூடாது

என் முதல் குளிர்காலத்துல நடந்ததை சொல்றேன். டிசம்பர்ல மைனஸ் இருபத்தஞ்சு வரும்னு நியூஸ்ல சொன்னதும் பயந்து போய், கூட்டோட எல்லா ஓட்டையையும் அடைச்சேன், கூரைக்குக் கீழ இருந்த ஜன்னலுக்கு பிளாஸ்டிக் அடிச்சேன், கதவு இடுக்குல பழைய போர்வையைத் திணிச்சேன். நல்லா கதகதன்னு இருக்கும்னு நிம்மதியா தூங்கினேன். காலைல கதவைத் திறந்து டார்ச் அடிச்சா கூரைக்கு உள்பக்கம் முழுக்க வெள்ளையா பனிப்பூ பூத்துக் கிடக்கு, சுவர்ல ஆணித் தலை ஒவ்வொண்ணுலயும் ஒரு குட்டிப் பனிக்கட்டி, உள்ள மூச்சு விட்டா கண்ணு எரியுது. ரெண்டு நாள்ல ஒரு கோழியோட கொண்டை நுனி வெளுத்து, அப்புறம் கருகின மாதிரி ஆயிடுச்சு. வெளிய காத்தோட்டமா இருந்திருந்தா அந்த மைனஸ் இருபத்தஞ்சுல அதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, நான் அடைச்சு வச்ச ஈரம்தான் அதை உறைய வச்சுது.

நடக்கறது இதுதான். கோழி ராத்திரி பூரா மூச்சு விடுது, அதுல ஈரம். எச்சம் போடுது, அதுல முக்கால்வாசி தண்ணி. இந்தச் சூடான ஈரக் காத்து மேல ஏறும், போக வழி இல்லன்னா கூரையில பட்டு பனியாகும், பகல்ல கொஞ்சம் சூடேறினதும் அதே பனி உருகி கோழி முதுகுல சொட்டும், தரையில பரப்பியிருக்கற கூளத்துல சொட்டும். எச்சத்துல இருந்து கிளம்பற அமோனியா வேற அதோட சேர்ந்து மூச்சுக்குழாயைக் கெடுக்கும், சளி பிடிக்கும். அதனால கூரைக்குக் கொஞ்சம் கீழ, கோழி உட்கார்ந்தா அதோட தலைக்கு நல்லா மேல, ரெண்டு எதிர்ப்பக்கமும் திறப்பு இருந்தே ஆகணும். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி திறப்புன்னு இங்க ஒரு கணக்கு சொல்லுவாங்க. ரொம்பக் குளிர்ல காத்து அடிக்கற பக்கத்தைப் பாதி மூடிக்கலாம், முழுசா மட்டும் மூடவே மூடாதீங்க.

ஆனா அதே காத்து கோழி மேல நேரா அடிச்சா தூவிக்குள்ள இருக்கற சூட்டைக் கலைச்சு விட்டுரும். இதைக் கண்டுபிடிக்க நான் ஒரு ஊதுபத்தி வச்சுப் பாக்கறது. கூளம் போடறதுக்கு முன்னாடி, கோழி எல்லாம் வெளிய இருக்கற நேரத்துல, கோழி ராத்திரி அடையற கட்டை உயரத்துல ஊதுபத்தியைப் பிடிச்சா புகை நேரா மேல போய் திறப்பு வழியா வெளியேறணும். பக்கவாட்டுல ஆடி அலைஞ்சா எங்கயோ இடுக்கு இருக்கு, தேடி அடைங்க. பத்தியை அணைச்சு வெளிய எடுத்துட்டு வந்தப்புறம்தான் கூளம்.

இன்சுலேஷன் போடறதா இருந்தா மேல பிளைவுட் அடிச்சு மூடிடுங்க, ஃபோம் வெளிய தெரிஞ்சா கோழி கொத்திக் கொத்தித் தின்னுரும், எதுக்குத்தான் அதுல அவ்வளவு ருசியோ. எடம் ஒரு கோழிக்கு குறைஞ்சது நாலு சதுர அடி, இங்க அஞ்சாறு மாசம் பெரும்பாலும் உள்ளயே கிடக்கும்ங்கறதால இன்னும் கொஞ்சம் தாராளமா விடுங்க. எங்க கூடு எட்டுக்கு ஆறு அடி, ஒம்போது கோழி. நெருக்கினா ஒண்ணை ஒண்ணு கொத்த ஆரம்பிக்கும். ரொம்பப் பெருசாவும் வேணாம், கோழிங்க விடற சூடு வீணாப் போகும்.

ஒரு முக்கியமான விஷயம், கம்பம் நடறது, வேலி அடிக்கறது எல்லாத்தையும் செப்டம்பருக்குள்ள முடிச்சிடுங்க. நவம்பருக்கு மேல மண்ணு கல்லாயிடும், கடப்பாரை போட்டாலும் டங்குன்னு திரும்பும்.

அடையற கட்டை

நம்ம ஊர்ல கோழி மரத்துல ஏறி அடையும், அதனால உருட்டுக் கொம்பு வச்சாப் போதும்னு நினைப்போம். இங்க வேண்டாம். ரெண்டுக்கு நாலு அங்குலப் பலகையை அகலப் பக்கம் மேல வர்ற மாதிரி படுக்க வச்சு அடிங்க. கோழி உட்கார்ந்தா பாதம் தட்டையா பலகையில இருக்கும், நெஞ்சுத் தூவி இறங்கி விரல் எல்லாத்தையும் மூடிக்கும். கொம்பா இருந்தா விரல் சுத்திப் பிடிச்சு நுனி வெளிய தெரியும், அந்த நுனி உறைஞ்சு போகும். ஒரு கோழிக்கு எட்டுல இருந்து பத்து அங்குலம், குளிர்ல அதுங்களா ஒட்டிக்கும். இரும்புக் குழாய் வேணவே வேணாம்.

கட்டைக்குக் கீழ ஒரு பலகை வச்சிருங்க. ராத்திரி எச்சம் மொத்தமும் அதுல விழும், காலைல மைனஸ் இருபதுல அது கூழாங்கல்லு மாதிரி உறைஞ்சிருக்கும், ஒரு கரண்டியால தட்டுனா கடகடன்னு வாளியில விழுந்துரும். ரெண்டு நிமிஷ வேலை, நாத்தம் கூட இல்ல. இந்த ஒரு வேலையை தினம் பண்ணா கூட்டு ஈரத்துல பெரும் பங்கு குறைஞ்சிரும், சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

ஆழ்கூளம்

நம்ம ஊர்ல கடலைத் தோல், உமி போட்டுப் பண்ற அதே ஆழ்கூளம்தான், இங்க பைன் மரச் சீவல். செடார் சீவல் வேண்டாம், அந்த வாசனை எண்ணெய் கோழி நெஞ்சுக்கு ஆகாது. அக்டோபர்ல ஆறு அங்குலம் போட்டு ஆரம்பிங்க. வாரம் ஒருக்கா ஒரு முள்ளுக் கரண்டியால கிளறி விடுங்க, கொஞ்சம் தானியத்தைத் தூவுனா அதுங்களே கிளறிக் குடுத்துரும். ஈரம் கட்டின எடத்தை மட்டும் அள்ளிப் போட்டுட்டு புதுசு போடுங்க, மார்ச்சுக்குள்ள ஒரு அடி உயரம் வந்துரும். நல்ல கூளத்தை கையில அள்ளிப் பிடிச்சுப் பார்த்தா பொலபொலன்னு உதிரணும், கொழுக்கட்டை மாதிரி பிடிச்சா ஈரம் அதிகம். குத்துக்கால் போட்டு கோழி உயரத்துக்கு உட்கார்ந்து ஒரு மூச்சு இழுத்துப் பாருங்க, மூக்கு எரிஞ்சா உங்களுக்கே தெரியும். நின்னுகிட்டு பார்த்தா தெரியாது, கோழி வாழறது நம்ம முழங்கால் உயரத்துலங்க.

தண்ணிதான் தினப் போராட்டம்

ஒரு கோழி ஒரு நாளைக்குக் கால் லிட்டர் வாக்குல குடிக்கும், முட்டையில முக்கால்வாசி தண்ணிதான், அதனால தண்ணி நின்னா முதல்ல முட்டை நிக்கும், அப்புறம் தீவனம் எடுக்கறது நிக்கும், தீவனம் நின்னா உடம்புல சூடு எங்கிருந்து வரும்? பனியைக் கொத்திக்கும்னு சிலர் சொல்லுவாங்க, கொத்தும்தான், அது பத்தாது, வயித்துல போய் அதை உருக்கறதுக்கு வேற சூட்டை செலவு பண்ணும்.

கரண்ட் வசதி இருந்தா கீழ வச்சு சூடாக்கற ஹீட்டட் பேஸ் வாங்குங்க, உறையற நேரத்துல அதுவா ஆன் ஆகும். வெளிய போடறதுக்குன்னு வர்ற தடிமனான அவுட்டோர் வயர் மட்டும்தான் போடணும், பிளக் சேர்ற எடத்தைக் கூளத்துக்கு மேல தூக்கிக் கட்டுங்க. கரண்ட் இல்லாதவங்க ரெண்டு கருப்பு ரப்பர் தொட்டி வாங்குங்க. காலைல ஒண்ணுல வெதுவெதுன்னு தண்ணி ஊத்தி வைங்க, அது உறைஞ்சதும் கவுத்து மிதிச்சா பனிக்கட்டி முழுசா இட்லி மாதிரி கழண்டு வந்துரும், ரப்பர் உடையாது, பிளாஸ்டிக்கா இருந்தா முதல் வாரமே விரிசல்தான். அதுக்குள்ள ரெண்டாவது தொட்டி வீட்டுக்குள்ள தயாரா இருக்கும். நாளைக்கு ரெண்டு மூணு தடவை நடக்கணும், அதுக்கு மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

கோழி இருட்டுல தண்ணி குடிக்காது. அதனால அடைஞ்சதும் தண்ணியை வெளிய எடுத்துடலாம், ஈரம் ஒரு வகையில குறையும். வாய் அகலமான தொட்டியில குடிக்கும்போது தாடி நனைஞ்சு அதுவே உறையும், நீளமான தாடி உள்ள ஜாதின்னா நிப்பிள் வச்ச டப்பா (கொத்தினா சொட்டுச் சொட்டா தண்ணி விடறது) நல்லது.

தீவனம்

சாதாரணமா ஒரு கோழி நாளைக்கு 110, 120 கிராம் தின்னும். கடுங்குளிர்ல 150 கிராம் வரை போகும், அளந்து போடாதீங்க, எந்நேரமும் தீவனம் இருக்கட்டும். பதினாறு பர்சன்ட் புரோட்டீன் உள்ள லேயர் தீவனம் (முட்டைக் கோழித் தீவனம்)தான் சாப்பாடு, மத்ததெல்லாம் பொரியல், கூட்டு மாதிரி. சாயங்காலம் அடையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு கைப்பிடி உடைச்ச மக்காச்சோளம், கோதுமை, பார்லி தூவி விடுவேன் (பார்லி இங்க மலிவு), இரைப்பை நிறைஞ்சு போய் உட்கார்ந்தா ராத்திரி பூரா செரிச்சுகிட்டே சூடு உண்டாக்கும்.

புதுசா வர்றவங்க மறக்கறது கல்லு. கோழிக்குப் பல்லு கிடையாது, மண்ணுல பொறுக்கற பொடிக்கல்லுதான் வயித்துல அரைக்கும். இங்க மண்ணு அஞ்சு மாசம் பனிக்கு அடியில, பொறுக்க எங்க போகும்? கிரிட்னு கிரானைட் பொடிக்கல்லு கடையில விக்கும், ஒரு சின்ன டப்பாவுல தனியா வைங்க. முட்டை ஓட்டுக்கு கிளிஞ்சல் வேற தனி டப்பாவுல, ரெண்டும் ஒண்ணில்ல, கிளிஞ்சல் கரைஞ்சிடும், அரைக்காது.

சூடாக் கஞ்சி வச்சா நல்லா இருக்குமேன்னு ஆசை வரும், வைங்க, ஆனா இருபது நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு மட்டும், மிச்சம் இருந்தா உறையும், தாடியில அப்பிக்கும். பொழுது போகாத கோழி பக்கத்துக் கோழி றெக்கையைப் பிடுங்கும், அதனால ஒரு முழு முட்டைக்கோஸை கயித்துல கட்டி கொத்தறதுக்கு எட்டி எம்பற உயரத்துல தொங்க விட்டிருவேன், நாள் பூரா அதோட மல்லுக்கட்டும்.

வெளிச்சமும் முட்டையும்

டிசம்பர் 21 வாக்குல எட்மன்டன்ல பகல் வெறும் ஏழரை மணி நேரம்தான். கோழி முட்டை போட பதினாலு மணி நேரம் வெளிச்சம் வேணும். அதனால இலையுதிர் காலத்துல றெக்கை உதிர்த்துட்டு, முட்டையை நிறுத்திடும், நோய் வந்துருச்சோன்னு பதறாதீங்க, உடம்பு புதுத் தூவி போடறதுக்கு எல்லா புரோட்டீனையும் அங்க திருப்பி விடுது. அந்த வருஷம் பொறந்த இளங்கோழி பெரும்பாலும் முதல் குளிர்காலம் நிக்காமப் போடும், அடுத்த வருஷத்துல இருந்துதான் இந்த ஓய்வு.

முட்டை வேணும்னா சின்ன எல்இடி பல்பை டைமர்ல போட்டு காலைல நாலு, அஞ்சு மணிக்கு எரிய விடுங்க. சாயங்காலம் போடாதீங்க, பல்பு டப்புன்னு அணைஞ்சா கட்டைக்கு ஏற முடியாம கீழயே நின்னுரும், தானா மங்கற வெளிச்சத்துலதான் ஏறி அடையும். நான் மூத்த கோழிகளுக்குப் பல்பு போடறதில்ல, ரெண்டு மாசம் ஓய்வெடுத்துட்டு பிப்ரவரியில அதுங்களா ஆரம்பிக்கும், எனக்கு அது போதும்.

முட்டையை நாளைக்கு ரெண்டு மூணு தடவை எடுங்க. உறைஞ்சா உள்ள விரிஞ்சு ஓடு நெடுக்க கீறிடும். கீறுனதை நாங்க சாப்பிடறதில்ல, வேக வச்சு நொறுக்கி கோழிக்கே போட்டுருவோம்.

ஹீட்டர் போடலாமா?

இதுல எனக்கு அழுத்தமான கருத்து இருக்கு. அந்த 250 வாட் சிவப்பு ஹீட் லேம்ப்பை கூட்டுக்குள்ள மாட்டாதீங்க. காய்ஞ்ச சீவல், தூசி, பறக்கற றெக்கை, எகிறிக் குதிக்கற கோழி, ஒரு கிளிப் கழண்டா போதும், கூடு மொத்தமும் எரிஞ்சு போகும், பக்கத்துல இருக்கற வீடும். வருஷா வருஷம் இங்க இப்படிக் கூடு எரியுது. தீ வரலன்னாலும், லேம்ப் சூட்டுக்குப் பழகின கோழிக்கு நடுராத்திரி கரண்ட் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

2024 ஜனவரியில நாங்க அதைக் கிட்டத்தட்ட பார்த்தோம். அந்த வாரம் எட்மன்டன் ஏர்போர்ட்ல மைனஸ் 45க்கும் கீழ இறங்குச்சு. ஜனவரி 13, சனிக்கிழமை சாயங்காலம், வீட்ல எல்லார் போனும் ஒரே நேரத்துல அலறுச்சு, மாகாணம் முழுக்க எமர்ஜென்சி அலர்ட், கரண்ட் பத்தல, உடனே தேவையில்லாததை எல்லாம் நிறுத்துங்க, இல்லன்னா சுழற்சி முறையில கட் பண்ண வேண்டி வரும்னு. எல்லாரும் நிறுத்தினாங்க, சில நிமிஷத்துலயே லோடு இறங்கிடுச்சு, கட் வரல. நான் தண்ணி ஹீட்டரை பிடுங்கறதுக்கு டார்ச்சை எடுத்துட்டு கூட்டுக்குப் போனேன். அம்பது அடி நடக்கறதுக்குள்ள கண் இமை ஒட்டிக்குது. உள்ள ஒம்போதும் கட்டையில வரிசையா, கழுத்தே தெரியாம பந்து பந்தா உப்பி உட்கார்ந்திருக்கு, சிலது தலையை றெக்கைக்குள்ள சொருகியிருக்கு, மேல ரெண்டு பக்கத் திறப்பும் திறந்துதான் இருக்கு. க்ளவுஸைக் கழட்டிட்டு ஒரு சான்டக்ளேர் நெஞ்சுத் தூவிக்குள்ள விரலை விட்டேன். காய்ச்சல்காரன் நெத்தியைத் தொட்ட மாதிரி சூடு. அது கண்ணை அரைவாசி திறந்து என்னைப் பார்த்துட்டு, மெதுவா ஒரு குர்ர் விட்டுட்டு, மறுபடி மூடிக்குச்சு. காலைல எண்ணிப் பார்த்தேன், ஒம்போதும் இருந்துச்சு, கொண்டையில ஒரு புள்ளி கூட இல்ல.

வயசான கோழி, நோய்ல இருந்து தேறுற கோழி, றெக்கை முழுசா முளைக்காததுன்னு இருந்தா சுவர்ல மாட்டற தட்டையான பேனல் ஹீட்டர் வைங்க, அது பக்கத்துல உட்கார்றதுக்கு மட்டும் சூடு குடுக்கும், கூட்டையே சூடாக்காது. ஸ்வெட்டர் பின்னிப் போடற போட்டோ எல்லாம் பார்த்துட்டு ஆசைப்படாதீங்க, தூவி உப்ப முடியாம அமுக்கிரும், நனைஞ்சா இன்னும் மோசம்.

வெளிய விடறது

நான் மைனஸ் இருபது வரைக்கும் சின்னக் கதவைத் திறந்து விட்டுருவேன், போறதும் போகாததும் அதுங்க இஷ்டம். காத்து பலமா அடிச்சா திறக்கறதில்ல. புதுப் பனியில கால் வைக்க கோழிக்குப் பிடிக்காது, வாசல்லயே நின்னு எட்டிப் பாத்துட்டு உள்ள போயிரும், கொஞ்சம் வைக்கோல் பரப்பி விட்டா நடக்கும். கூட்டை ஒட்டி வேலி போட்ட எடத்தை (ரன்) சுத்தி காத்து வர்ற ரெண்டு பக்கம் தடிமனான பிளாஸ்டிக் ஷீட் அடிச்சு, கீழ வைக்கோல் கட்டு அடுக்கிட்டா பகல்ல வெயில் விழும்போது உள்ள அவ்வளவு சுகமா இருக்கும்.

மண் குளியலுக்கு செப்டம்பர்லயே நாலு வாளி காய்ஞ்ச மண்ணு அள்ளி கராஜ்ல வச்சிருங்க, கொஞ்சம் விறகுச் சாம்பல் கலந்து ஒரு பெட்டியில போட்டுக் குடுத்தா பொரண்டு எழுந்திருக்கும். குளிர்காலத்துல செள்ளு வராதுன்னு நினைக்காதீங்க, கோழி உடம்புலயே தங்கற ஒரு வகை குளிர்லதான் அதிகமாகும், ஆசனவாய் பக்கம் தூவியை விலக்கி கருப்புக் கருப்பா ஊருதான்னு பாருங்க.

வாரம் ஒருக்கா கையில எடுத்துப் பாருங்க

உப்பின தூவிக்குள்ள இளைச்ச உடம்பு தெரியாது. நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி, அதுங்க அடைஞ்சப்புறம், ஒவ்வொண்ணா எடுத்து நெஞ்செலும்பைத் தடவிப் பாப்பேன். ரெண்டு பக்கமும் சதை இருந்தா சரி, எலும்பு கத்தி மாதிரி குத்துனா தனியா எடுத்து கவனிக்கணும். கொண்டை வெளிறி சாம்பல் நிறமா இருந்தா உறைய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம். தேய்க்காதீங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க, குளிர் குறைவான எடத்துக்கு மாத்தி தானா தெளிய விடுங்க. கருத்துப் போன நுனியை வெட்டாதீங்க, அதுதான் அடியில இருக்கற நல்ல சதைக்கு மூடி, தானா விழும். வீங்கினாலோ நீர் கசிஞ்சாலோ வெட்னரி டாக்டர்கிட்ட காட்டுங்க. வாசலின் தடவறதைப் பத்திப் பலரும் கேட்கறாங்க, தடவினதால தப்பிச்சதா நான் பார்த்ததில்ல, கூட்டுல ஈரம் இருந்தா அது காப்பாத்தாது.

எலி, கீரி மாதிரி ஒண்ணு, அப்புறம் பறவைக் காய்ச்சல்

குளிர் வந்தா சுண்டெலி தீவனத்தைத் தேடி வரும், எலியைத் தேடி வீசல் வரும். நம்ம ஊர் கீரி மாதிரி மெலிசா, குளிர்காலத்துல வெள்ளையா மாறிடும், ஒரு அங்குல ஓட்டை போதும் அதுக்கு, உள்ள வந்தா ஒண்ணோட நிக்காது. எல்லாத் திறப்புக்கும் அரை அங்குலக் கண்ணி உள்ள கம்பி வலை அடிங்க, சாதாரண கோழி வலை பத்தாது. தீவனத்தை மூடி போட்ட தகர டிரம்ல வைங்க, ராத்திரி கதவைத் தாழ் போடறதை மறக்காதீங்க, கயோட்டியும் (சின்ன ஓநாய் மாதிரி ஒண்ணு) சுத்தும்.

பறவைக் காய்ச்சல் 2022ல ஆல்பர்ட்டாவுக்குள்ள வந்ததுல இருந்து, வாத்தும் கீஸும் (பெரிய காட்டு வாத்து) கூட்டமா பறக்கற வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் நான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கேன். தீவனம், தண்ணி ரெண்டும் கூரைக்கு அடியில, கூட்டுக்குன்னு தனி பூட்ஸ், அந்த பூட்ஸ் வேற எங்கயும் போகாது. திடீர்னு ரெண்டு மூணு கோழி சேர்ந்து செத்தா கையால தூக்காதீங்க, உணவு ஆய்வுத் துறைக்கு உடனே போன் பண்ணணும், அது சட்டம்.

மார்ச், ஏப்ரல்

ஜனவரியைத் தாண்டியாச்சுன்னு மெத்தனமா இருக்கற நேரம் இது. பகல்ல ப்ளஸ் அஞ்சு, ராத்திரி மைனஸ் பத்துன்னு ஆடும், பனி உருகி தண்ணி கூட்டுக்கு அடியில ஓடும், கூளம் கீழ இருந்து நனையும். எனக்கு சளி பிடிச்ச கோழி எல்லாம் இந்த மாசத்துலதான், கடுங்குளிர்ல இல்ல. கூட்டைச் சுத்தி பனியை முன்கூட்டியே வாரித் தள்ளிடுங்க, தண்ணி வடியறதுக்கு ஒரு வாய்க்கால் கீறி விடுங்க, மேல் திறப்பை முழுசாத் திறங்க, நனைஞ்ச கூளத்தை அன்னன்னைக்கே அள்ளுங்க.

ராத்திரி மைனஸ் நின்னதும் மொத்தக் கூளத்தையும் வழிச்சு வெளிய குவிச்சிருங்க. அதை உடனே தக்காளிச் செடிக்குப் போட்டா வேர் கருகிடும், குவியலை அப்பப்ப புரட்டி விட்டு, அடுத்த வருஷ வசந்தத்துல போடுங்க. கூட்டுத் தரையைத் தேய்ச்சுக் கழுவி, ரெண்டு கதவையும் திறந்து போட்டு நல்லா வெயில்ல காய விடுங்க, பலகை முழுசா காய்ஞ்சப்புறம்தான் புதுச் சீவல்.